விமானம் மாதிரி ஒன்று

“நல்ல வேளை, பாத்தி மேல உக்காரல” என்று பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். “வெறுந்தரையிலதான் உக்காந்துருக்கு. பாத்தி மேல உக்காந்துருந்தா ஒரு வாரத்து உப்பு போயிருக்கும்.”

“எது?”

“விமானம் மாதிரி ஒண்ணு.”

“ஓ” என்றாள் மற்றவள். பிறகு, தண்ணி லாரி வந்ததா என்று கேட்டாள்.

கல்லூரியிலிருந்து திரும்பும் மாலைப் பேருந்தில், சன்னலோரம் உட்கார்ந்து நான் கேட்ட பேச்சு அது. இறங்கி எங்கள் ஊரான முள்ளுக்கரைக்கு நடந்து போனபோது செய்தி பழையதாகியிருந்தது; காலையிலேயே எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு, தொட்டுவிட்டு, தொட்ட விரலை மோந்துவிட்டு, மறுபடி உப்பு வாரப் போய்விட்டிருந்தார்கள். எங்கள் கரைக்கு எது எதுவோ வந்திருக்கிறது. ஒரு முறை சட்டத்தோடும் தாழ்ப்பாளோடும் ஒரு கதவு வந்தது, ஒரு முறை மூடி திறக்காத பீப்பாய்கள் வந்தன, ஒரு முறை கழுத்து மணியோடு உயிருள்ள பசு ஒன்று அலையில் நீந்தி வந்து மணலில் ஏறி நின்று எங்களைப் பார்த்தது. கதவு அம்மன் கோவிலுக்குப் போயிற்று, பீப்பாய்கள் தண்ணீர் பிடித்துவைக்கப் போயின, அந்தப் பசுவின் பேத்திகள் இன்றைக்கும் எங்கள் தெருவில் பால் கறக்கின்றன. விமானமும் அந்த வரிசையில்தான் வந்தது. கடல் வழியாக வராமல் மேலே இருந்து வந்தது என்பது ஒன்றுதான் வித்தியாசம், அதையும் யாரும் பெரிதுபடுத்தவில்லை.

மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி வெள்ளி வண்ணம் பூசிய விமானம். ஒரு சோடி இறக்கைக்கு மேல் இன்னொரு சோடி இறக்கை, இரண்டுக்கும் நடுவில் குச்சிக்கால்கள், குச்சிக்கால்களுக்கு நடுவில் கொடிக்கம்பி மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், முன்னால் மரத்தில் செதுக்கிய காத்தாடி. மேலே மூடி கிடையாது. ஆள் உட்கார இரண்டு குழிகள் இருந்தன. முன்குழி முன்னால் பார்த்திருந்தது, பின்குழி பின்னால் பார்த்திருந்தது. இரண்டிலும் ஆள் இல்லை. ஆனால் அதை முதலில் பார்த்த பெண்கள் என்ஜின் சூடாக இருந்தது என்றார்கள், முன்னிருக்கைத் தோலில் யாரோ அப்போதுதான் எழுந்து போனது போல் ஒரு பள்ளம் இருந்தது என்றார்கள், அந்தப் பள்ளம் மத்தியானம் வரைக்கும் நிமிரவில்லை என்றார்கள்.

அன்று சாயங்காலம், உப்பளத்துக்கு டீ கொண்டுவரும் நேரத்தில், காத்தாடி தானாகச் சுற்றத் தொடங்கியது. வெறுந்தரையில் ஓடி, எழும்பி, உப்பு அம்பாரங்களுக்கு மேல் ஒரு வட்டம் அடித்து, நெட்டுக்குத்தலாக ஏறி, மல்லாந்து, புரண்டு, பிறகு பெண்களின் தலைத்துண்டு பறக்கிற அளவுக்குத் தாழ்ந்து எங்களைக் கடந்து போனது. இரண்டு சோடி இறக்கை உள்ளதெல்லாம் எங்களுக்குத் தட்டான்தான். தட்டான் தாழப் பறந்தால் மழை வரும், மழை வந்தால் அளத்தில் அதுவரை பட்ட பாடு முழுக்கக் கரைந்து கடலுக்குப் போகும். ஆகவே முள்ளுக்கரை முழுவதும் வேலையைப் போட்டுவிட்டு அம்பாரங்களை மூட ஓடியது; தார்ப்பாய் போதாமல் சேலைகளையும் பாய்களையும், ஒரு வீட்டுத் திரைச்சீலையையும் கொண்டுவந்து மூடிவிட்டு அண்ணாந்து நின்றது. வானம் கழுவிவைத்த தட்டு போல் இருந்தது. விமானம் இறங்கி, ஓடி, சனம் நின்ற பக்கமாக மூக்கைத் திருப்பி நின்றது. காத்தாடி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. எதற்கோ காத்திருப்பது போல் வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு, வெளிச்சம் மங்கியபோது ஒரு நீண்ட பெருமூச்சோடு அடங்கியது.

மறுநாளும் அதே நேரத்துக்கு எழும்பி, அதே வட்டம் அடித்து, அதே போல் மல்லாந்து புரண்டு, அதே போல் வந்து நின்றது. அதற்கடுத்த நாளும். அதன் பிறகு பெண்கள் தார்ப்பாய் தூக்கி ஓடுவதை விட்டார்கள். கம்பிகளில் துணி காயப்போட்டால் சாயங்காலம் விமானம் எழும்பும்போது துணி பறந்துவிடுகிறது என்று கண்டு, அதற்கு முன்னாலேயே எடுத்துவிடப் பழகினார்கள். பின்குழியின் விளிம்பில் இரும்பு வளையம் ஒன்று இருந்தது. குடம் கச்சிதமாக அதில் உட்காருவதை யாரோ கண்டுபிடித்தார்கள். தண்ணி லாரிக்கு வரிசையில் நிற்கும்போது இடுப்புக் குடத்தை இறக்கிவைக்க நல்ல இடமாயிற்று.

அளத்துக்காரர் வந்து பார்த்தார். “எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கே” என்றார். அதை என்ன செய்வது என்று கேட்டபோது, “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு போலீஸ்காரர் வந்து சுற்றிச் சுற்றி நடந்தார். நிசமான விமானம் என்றால் மேலே சொல்லியாக வேண்டும், மேலே சொன்னால் மேலே இருந்து கேள்வி வரும் என்பது அவருடைய கவலை. அவர்தான் பாளையங்கோட்டையிலிருந்து கோதண்டபாணி சாரை அழைத்து வந்தார். விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய விமானங்கள் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுகிறவர். அவர் விமானத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போனார்.

“இது மாதிரி விமானம்” என்றார்.

“விமானம் மாதிரின்னா சொல்லுதிய?” என்று போலீஸ்காரர் ஆவலாகக் கேட்டார்.

“இல்லைங்க. மாதிரி விமானம். அதாவது, முதல்ல ஒண்ணே ஒண்ணு செஞ்சு பாக்கறது. சண்டைக்குன்னு செஞ்சாங்க, ரெண்டு பெரிய யுத்தத்துக்கும் நடுவுல. எங்கேயோ குளிர் நாட்டுல. பறக்க வச்சுக் காட்டுவாங்க. பெரிய அதிகாரிங்கல்லாம் வரிசையா நாற்காலி போட்டு உக்காந்து பாப்பாங்க. பிடிச்சிருந்தா இதே மாதிரி நூறு செய்யச் சொல்லுவாங்க.”

“பிடிக்கலைன்னா?”

“பிடிக்கலைன்னு நேரா சொல்ல மாட்டாங்க. சொல்லி அனுப்பறோம்பாங்க. இதுக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க. ஒரு குறையும் இருந்ததாத் தெரியல. ஆனா யாரும் சொல்லி அனுப்பல.”

போலீஸ்காரருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மாதிரிதான், விமானம் இல்லை, ஆகவே மேலே சொல்ல ஒன்றும் இல்லை என்று மன நிம்மதியோடு மோட்டார் சைக்கிளில் ஏறினார். ஆனால் குடத்தோடு நின்றிருந்த பெண்கள் அந்தப் பேச்சில் வேறொன்றைக் கேட்டுவிட்டார்கள். சோடித்து, வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, நடக்கச் சொல்லி, திரும்பச் சொல்லி, எல்லாம் பார்த்துவிட்டு, காப்பியும் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனவர்களை அந்தக் கூட்டத்தில் தெரியாதவர் யார்.

“எத்தன வருசமா நிக்கா பாவி” என்றாள் ஒருத்தி.

“அதான் தெனமும் சாயங்காலம் வந்து நம்ம மூஞ்சிய மூஞ்சிய பாக்கா.”

அன்றிலிருந்து அது ‘அவ’ ஆயிற்று. கம்பியில் துணி காயப்போடுவது நின்றது. வெள்ளிக்கிழமை மூக்கில் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தார்கள். சாயங்காலம் அவள் இறங்கி வந்து நிற்கும்போது பெண்கள் எதிரே போய் நின்று, நல்லா இருந்துச்சு என்றார்கள், நேத்தைக்கு இன்னைக்கு மேல் என்றார்கள், பள்ளிக்கூட வாத்தியார் ஒரு நாள் வந்து ‘செலக்டட்’ என்று ஆங்கிலத்தில்கூடச் சொல்லிப் பார்த்தார். காத்தாடி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கேட்க வந்த சொல் எது என்று எல்லோருக்கும் தெரியும். ‘புடிச்சிருக்கு’ என்கிற ஒரு சொல். ஆனால் அதை விளையாட்டுக்குச் சொல்ல முடியாது. சொன்னவன் கூட்டிப்போக வேண்டும், வைத்துக் காப்பாற்ற வேண்டும், ஐப்பசி மழையில் நனையாமல் கூரை போட வேண்டும். கோதண்டபாணி சார் சென்னையில் சொல்லிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். முள்ளுக்கரையில் எல்லோருக்கும் அவள்மேல் இரக்கம் இருந்தது. அந்தச் சொல்லைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

உப்புக்காற்று துணியையும் தின்னும் கம்பியையும் தின்னும். அவளைத் தின்னாமல் பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அய்யாப்பழம், கடல் தண்ணீரைப் பாத்திகளுக்கு ஏற்றும் மோட்டாரை ஓட்டுகிறவர். இன்னொருத்தி அவர் வீட்டில் இருக்கும் தங்கபுஷ்பம். அவர் எண்ணெய்த் துணியோடு என்ஜின் பக்கம் நிற்பார். அவள் தன் பங்குக் குடத்து நல்ல தண்ணீரில் துணியை நனைத்துக் கம்பி கம்பியாக உப்பைத் துடைப்பாள். அவர் மூக்கைப் பார்த்து, அவள் வாலைப் பார்த்து, முதுகுக்கு முதுகாக நின்று வேலை செய்வார்கள். முன்னால் உட்கார்ந்தவன் போகிற இடத்தைப் பார்ப்பான், பின்னால் உட்கார்ந்தவன் வந்த இடத்தைப் பார்ப்பான், ஒருத்தன் முகம் ஒருத்தனுக்குத் தெரியாது என்று கோதண்டபாணி சார் அந்த இரண்டு இருக்கைகளைப் பற்றிச் சொன்னபோது, “நம்ம அய்யாப்பழம் அண்ணாச்சி வீடு மாதிரி” என்று கூட்டத்தில் யாரோ சொல்லிச் சிரிப்பு எழுந்தது. தங்கபுஷ்பமும் சிரித்தாள்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் அய்யாப்பழத்தின் மனைவி காய்ச்சலில் இறந்தபோது, மகள் சிவரதிக்கு நடை சரியாக வராத வயது. தங்கபுஷ்பம் சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து அளத்து வேலைக்கு வந்தவள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையே என்று பகலில் வந்தாள், பிள்ளைக்கு அம்மை போட்டபோது இரவிலும் இருந்தாள், அம்மை இறங்கிய பிறகு போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அய்யாப்பழத்தின் அக்கா ராசகனி மட்டும், இந்த வீட்டில் இன்னொரு தாலி ஏறக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவைத்திருந்தாள். தாலி ஏறவில்லை. ரேஷன் கடையில், தண்ணி லாரியில், கோவில் கொடையில், தங்கபுஷ்பம் யார் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், முள்ளுக்கரை கொஞ்சம் யோசித்துவிட்டு, “அய்யாப்பழத்துக்குப் பொண்டாட்டி மாதிரி” என்று சொல்லும். வைவதற்காக இல்லை, வேறு சொல் இல்லாததால். சிவரதி சித்தி என்று கூப்பிட்டாள். காய்ச்சல் வந்தால் மட்டும் அம்மா என்றாள், காய்ச்சல் போனதும் மறந்துவிடுவாள்.

அய்யாப்பழம் கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து இருட்டும் வரை மோட்டார் சத்தத்தில் நிற்கிறவருக்குப் பேச்சு எதற்கு. கோவிலுக்கு வாங்களேன் என்றால் பாக்கலாம் என்பார், கூரை ஒழுகுதே என்றால் பாக்கலாம் என்பார், ஒரே ஒரு தடவை, வெகு வருடங்களுக்கு முன்னால், நம்ம விசயம் என்னாச்சு என்று அவள் கேட்டதற்கும் பாக்கலாம் என்றார். ஆனால் மோட்டார் கொட்டகைப் பக்கம் போகிறவர்கள் கண்டிருக்கிறார்கள்: மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது அவருடைய உதடுகள் அசையும். குனிந்து, இரும்பின் காதில் சொல்வது போல், நிறுத்தி நிறுத்தி, நியாயமான ஒரு மனிதன் நியாயமான ஒன்றைச் சொல்வது போல் சொல்லிக்கொண்டிருப்பார். என்னவென்று ஒருவருக்கும் கேட்டதில்லை. மோட்டாரை நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார். “அண்ணாச்சி மோட்டார்கிட்ட குடும்ப வழக்கு பேசுதாரு” என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

சிவரதிக்கு ஆறுமுகநேரியில் மாப்பிள்ளை அமைந்தது, அவரும் உப்புக் குடும்பந்தான், துறைமுகத்தில் வேலை. நிச்சயத்துக்கு நாள் குறித்ததும் ராசகனி வந்து இறங்கினாள். இறங்கியதும் அடுப்படிக்குப் போய், தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்து உட்காரவைத்து, அன்பாகத்தான் பேசினாள்.

“வாரவங்க நல்ல மனுசங்கதான். ஆனா அவங்க சொந்தம் பெருசு, வாய் அத விடப் பெருசு. தட்டு மாத்தும்போது பொண்ணப் பெத்தவன் பக்கத்துல யாரு நிக்கான்னு பாப்பாங்கல்ல? யாருன்னு கேட்டா நாங்க என்னத்தச் சொல்ல?”

“மாதிரின்னு சொல்லுங்க” என்றாள் தங்கபுஷ்பம்.

“இந்தக் குசும்புதான வேண்டாங்கது. நான் நிக்கேன் அவ அம்மா எடத்துல. நீ அன்னைக்கு ஒரு நாள்…”

“எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாரேன் மைனி. அவனையும் பாத்து நாளாச்சு.”

ராசகனி நிம்மதியாக எழுந்தாள். பலகாரத்துக்கு முறுக்கு மாவு பிசைந்து, அரிசி ஊறவைத்து, பந்தலுக்கு எங்கெங்கே கால் ஊன்ற வேண்டும் என்று ஆட்களுக்குக் காட்டி, சிவரதியின் பட்டு ரவிக்கையில் கொக்கி தைத்து, எல்லாவற்றையும் தங்கபுஷ்பமே செய்தாள். பிறகு சுவரில் தொங்கிய துணிப்பையை எடுத்துத் தன்னுடையவற்றை அதில் வைத்தாள். பதினேழு வருடம் இருந்த வீட்டிலிருந்து, ஒரு பை நிறையவில்லை. சிவரதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு நாளைக்குப் போறதுக்கு எதுக்கு சித்தி எல்லாச் சேலையும்?”

“பை சும்மா தொங்குச்சு, அதான்.”

“நீங்க திரும்பி வருவீங்களா?”

தங்கபுஷ்பம் பையின் வாயைச் சுருக்கி முடிந்தாள். “பாக்கலாம்” என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயில் சிவரதி அதற்கு முன் கேட்டதில்லை. நேரே மோட்டார் கொட்டகைக்குப் போனாள். அவள் அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இவள் அழுதுகொண்டே சத்தம் போடுவதும், அவர் இரும்பைப் பார்த்தபடி உதட்டை அசைப்பதும் வரப்பில் போனவர்களுக்குத் தெரிந்தது. இருவர் பேசியதும் இருவருக்கும் கேட்டிருக்காது.

நிச்சயம் அன்று பந்தலை விமானம் நிற்கும் வெறுந்தரையிலேயே, அவளுக்கு ஓட இடம் விட்டுப் போட்டார்கள். முள்ளுக்கரையில் அத்தனை பேர் உட்காரக்கூடிய தரை வேறு இல்லை. ஆறுமுகநேரிக்காரர்கள் வேனில் வந்து இறங்கி, விமானத்தைப் பார்த்தார்கள், இது எப்ப வந்தது என்று கேட்டார்கள், பங்குனியில் என்று சொன்னதும் சரி என்று உட்கார்ந்தார்கள். டீ நேரம் வந்தது. காத்தாடி சுற்றியது. அவள் ஓடி, எழும்பி, வட்டம் அடித்து, மாப்பிள்ளை வீட்டாருக்காக அன்றைக்கு இரண்டு தடவை மல்லாந்து புரண்டாள். வேனில் வந்த குழந்தைகள் கை தட்டினார்கள். இறங்கி, பந்தலின் வாசலுக்கே ஓடிவந்து, கூட்டத்தைப் பார்த்து மூக்கை வைத்து நின்றாள்.

தங்கபுஷ்பம் கடைசிப் பேருந்துக்கு முன்னால் அவளை ஒரு தடவை துடைத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். துணிப்பையைப் பின்குழியில் வைத்தாள், குடத்தை வளையத்தில் இறக்கினாள், பந்தலுக்கு முதுகு காட்டி நின்று கம்பிகளைத் துடைக்கத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலர் அவளைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

பந்தலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரு வீட்டாரின் பெயர்களையும் சபைக்குக் கேட்கும்படி சொல்லத் தொடங்கினார். அய்யாப்பழம் புது வேட்டியில், தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டைப் பிடித்தபடி நின்றார். தட்டின் மறுபக்கத்தை ராசகனி பிடித்திருந்தாள்.

“மாப்பிள்ளையோட தகப்பனார்…” என்று தாய்மாமன் சொன்னது கேட்டது. “தாயார்…” என்றதும் கேட்டது. பெண் வீட்டுப் பெயர்களுக்கு வரும்போது காத்தாடியின் சத்தம் கூடிவிட்டது. “பொண்ணோட தாயார் பேரு என்ன?” என்று அவர் காதில் கையை வைத்துக் கேட்டார். ராசகனி என்னவோ சொன்னாள். “கேக்கல! தாயார் பேரு?” இன்னும் இரண்டு பேர் என்னவோ சொன்னார்கள். “ஒண்ணும் கேக்கலையே! யாராவது போய் அத நிறுத்துங்கப்பா!”

மோட்டார் சம்பந்தப்பட்டது என்றால் முள்ளுக்கரை ஒருவரைத்தான் பார்க்கும். அய்யாப்பழம் தட்டை அக்காவின் கையில் விட்டுவிட்டு வெளியே போனார். காத்தாடிக்கு ஒதுங்கி, என்ஜினின் பக்கமாகக் குனிந்தார். எந்தத் திருகைத் திருகுவார் என்று எல்லோரும் பார்த்தோம். அவர் எதையும் திருகவில்லை. அவருடைய உதடுகள் அசைந்தன. அந்த இரைச்சலுக்குள், கொட்டகையில் எத்தனையோ வருடம் சொன்னதையே, யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில் சொல்லத் தொடங்கினார் என்று நினைக்கிறேன்.

என்ஜின் சட்டென்று நின்றது.

பெருமூச்சு இல்லை, தயக்கம் இல்லை. கேட்க வேண்டியது காதில் விழுந்தவுடன் ஒருத்தி பேச்சை நிறுத்துவது போல் நின்றது. காத்தாடி இருந்த இடத்தில் இருந்தது. அய்யாப்பழத்தால் அவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடியவில்லை.

“…எப்பமே புடிச்சுத்தான் இருக்கு, வாய்லதான் வரல” என்ற மிச்சச் சொற்கள் பந்தல் முழுக்கக் கேட்டன.

கடலின் சத்தம் அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கேட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் முதலில் சிரித்தார், நல்ல மனிதர். “மிசினுக்குச் சொல்லுதாரு போல” என்றார். கூட்டமும் சிரித்தது. அது கேலிச் சிரிப்பு இல்லை, போகட்டும் என்று ஒருவனுக்கு வழிவிடுகிற சிரிப்பு. அய்யாப்பழமும் அந்த வழியில் வந்துவிடலாம்போல் ஓரடி எடுத்து வைத்தார்.

இறக்கைக்கு அந்தப் பக்கம், முதுகைத் திருப்பாமல், கையில் துணியோடு தங்கபுஷ்பம் கேட்டாள்:

“யாருக்குச் சொன்னிய?”

ராசகனி, “ஏல, வா இங்க, நேரம் ஓடுது” என்றாள். சிவரதி மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எல்லாம் கலைந்துவிடும் என்பது போல் இரண்டு கையாலும் மணையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அய்யாப்பழம் நின்றுபோன காத்தாடியைப் பார்த்தார். இனி அது சுற்றாது, அதற்குள் ஒளிந்துகொண்டு பேச முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“ரெண்டு பேருக்குந்தான்” என்றார்.

சத்தமாகச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் குரல் பிளந்துபோயிற்று. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அவர் பந்தலுக்குத் திரும்பிவந்து தட்டில் கை வைத்தார். ராசகனி விடவில்லை.

“அத்தைன்னா அம்மா மாதிரிதானல? நான் நிக்கேன்ல?”

“மாதிரி வேண்டாம் யக்கா” என்றார்.

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா, தன் தட்டைப் பிடித்தபடி, “அவங்க வாரவரைக்கும் நாங்க நிக்கோம், கை ஒண்ணும் வலிக்கல” என்றாள். ராசகனியின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அய்யாப்பழம் தட்டை ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். மறுபக்கம் தாழ்ந்தது. தேங்காய் தட்டின் ஓரத்துக்கு உருண்டது, பெண்கள் ஐயோ என்றார்கள், அவர் இன்னொரு கையைக் கொடுக்கவில்லை. கீழ் இறக்கையின் ஓரத்தில் போய் நின்று, அந்தச் சாய்ந்த தட்டை அவள் பக்கமாக நீட்டினார்.

தங்கபுஷ்பத்துக்கு இன்னும் சில கம்பிகள் மிச்சம் இருந்தன. அவள் அவற்றைத் துடைத்தாள். துணியைக் குடத்துத் தண்ணீரில் அலசி, பிழிந்து, மறுபடி துடைத்தாள். ஆறுமுகநேரிக் குழந்தை ஒன்று, என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்கு அதன் அம்மா வாயைப் பொத்தினாள். கடைசிப் பேருந்து தூரத்தில் சாலையில் ஒலியெழுப்பிவிட்டுப் போயிற்று. கடைசிக் கம்பியையும் துடைத்து முடித்து, துணியை உதறி அந்தக் கம்பியிலேயே காயப்போட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, தங்கபுஷ்பம் திரும்பி, தேங்காயை நடுவில் தள்ளி வைத்து, தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.